காபி ஆறும் கணக்கும் கணினி தரும் விடையும்

கணினியில் அறிவியல் கணக்கு போடக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்று அவ்வப்போது யாராவது கேட்பதுண்டு. எந்த மொழி, எந்த மென்பொருள் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில். என் பதில் வேறு மாதிரி இருக்கும். விடை முன்கூட்டியே தெரிந்த எளிய வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியிடம் கொடுத்து, தப்பான விடை சொல்ல வையுங்கள். எத்தனை விதமாகத் தப்பு வரும் என்று பார்த்துவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது.

ஏன் இப்படி? கணினி எப்போதும் ஒரு எண்ணைத் தரும். கேட்டால் பதினைந்து தசம இலக்கத்துக்குத் தரும். வண்ண வண்ணமாகப் படமும் போடும். தப்பான விடைக்கும் சரியான விடைக்கும் படத்தின் அழகில் எந்த வித்தியாசமும் இருக்காது. பாலத்தின் அதிர்வையும், மருந்து உடம்பில் பரவும் வேகத்தையும், நாளைய மழையையும் இன்றைக்கு இப்படித்தான் கணக்கிடுகிறோம். அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பது, அதை எப்படி வரவழைப்பது என்பதைவிடப் பெரிய கேள்வி.

காபியில் தொடங்குவோம்.

டம்ளரில் 80 டிகிரி சூட்டில் காபி. அறை 30 டிகிரி. வைத்துவிட்டு மறந்துபோகிறோம். இருபது நிமிடம் கழித்து எத்தனை டிகிரியில் இருக்கும்?

நியூட்டன் 1701ல் பெயர் போடாமல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கான யோசனை இருக்கிறது. சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் எவ்வளவு வெப்பநிலை வித்தியாசமோ, அதற்கு ஏற்ற வேகத்தில் பொருள் ஆறும். வித்தியாசம் 50 டிகிரி இருக்கும்போது விறுவிறுவென்று ஆறும். 5 டிகிரியாகக் குறைந்தபின் சோம்பலாக ஆறும். நம் டம்ளருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு நிமிடத்துக்கு 0.05 டிகிரி வீதம் ஆறும் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். உங்கள் டம்ளருக்கு வேறாக இருக்கும்.

இதுதான் வகைக்கெழுச் சமன்பாடு. காபி இத்தனை மணிக்கு இத்தனை டிகிரி என்று அது சொல்லாது. இப்போது இந்த நிலையில் இருந்தால் இந்த வேகத்தில் மாறும் என்று மட்டும் சொல்லும். வேகத்திலிருந்து நிலையைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

இந்தச் சமன்பாட்டைத் தாளிலேயே தீர்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் போதும். இருபது நிமிடம் கழித்து 48.39 டிகிரி. இந்த எண்ணை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதற்குக் கணினி? இயற்கையில் நாம் சந்திக்கும் சமன்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் தாளில் தீர்க்க முடியாது என்பதால். காபி நமக்குப் பயிற்சிக் களம்.

ஆய்லர் 1768ல் வெளியிட்ட தொகைநுண்கணித நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். நம் பாஷையில் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு தாவுவது. இப்போதைய வேகத்தைப் பார். அடுத்த ஐந்து நிமிடமும் அதே வேகம்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு தாவல் தாவு. போய்ச் சேர்ந்த இடத்தில் கண்ணைத் திற, புது வேகத்தைப் பார், மறுபடி தாவு.

புதிய வெப்பநிலை = பழைய வெப்பநிலை − 0.05 × (பழைய வெப்பநிலை − 30) × தாவல்

ஐந்து நிமிடத் தாவலில் போட்டுப்பார்ப்போம். முதலில் வித்தியாசம் 50. ஐந்து நிமிடத்தில் 12.5 டிகிரி ஆறும், காபி 67.5க்கு வருகிறது. இப்போது வித்தியாசம் 37.5, அடுத்த தாவலில் 58.13. பிறகு 51.09. நான்காவது தாவலில் 45.82. இருபது நிமிடம் முடிந்தது.

சரியான விடை 48.39. நமக்கு வந்தது 45.82. கூட்டல் பெருக்கலில் எங்கும் தப்பில்லை, ஆனாலும் இரண்டரை டிகிரி குறைகிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே காபி ஆறும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. நாமோ தொடக்கத்தில் இருந்த அதிக வேகத்தையே முழு ஐந்து நிமிடத்துக்கும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் கூடுதலாக ஆற வைத்துவிட்டோம்.

அப்ப தாவலைக் குறைக்கலாமே? குறைக்கலாம்.

2 நிமிடத் தாவல்: 47.43 டிகிரி, பிழை 0.96
1 நிமிடத் தாவல்: 47.92 டிகிரி, பிழை 0.47
அரை நிமிடத் தாவல்: 48.16 டிகிரி, பிழை 0.23

எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தாவலைப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழப் பாதியாகிறது. இது தற்செயல் இல்லை. ஆய்லர் முறையின் குணமே அதுதான். இதில் ஒரு பயனும் இருக்கிறது. சரியான விடை தெரியாத கணக்கிலும், தாவலைப் பாதியாக்கி மறுபடி போட்டு, விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் மீதமிருக்கும் பிழையை ஊகிக்கலாம். 47.92லிருந்து 48.16க்கு, அதாவது 0.24 நகர்ந்தது. மீதியும் சுமார் அவ்வளவுதான் இருக்க வேண்டும். இருப்பது 0.23. விடையே தெரியாமல் பிழையை அளந்துவிட்டோம்! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சின்ன வித்தை இது.

தாவலைக் குறைத்துக்கொண்டே போவது முரட்டு வழி. தாவலுக்கு நடுவிலும் கண்ணைத் திறந்து பார்ப்பது சமர்த்தான வழி. 1895ல் ரங்கே, 1900ல் ஹாயன், 1901ல் குட்டா என்று மூன்று ஜெர்மானியர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். ஒரே தாவலுக்குள் இரண்டு இடத்தில், அல்லது நான்கு இடத்தில் வேகத்தைப் பார்த்து, அவற்றைத் தக்கபடி சராசரி எடுத்துத் தாவுவது. செலவைச் சமமாக வைத்து ஒப்பிட்டால்தான் நியாயம். காபிக் கணக்கில் மொத்தம் எட்டு முறை மட்டும் வேகத்தைப் பார்க்க அனுமதி என்று வைத்துக்கொள்வோம்.

ஆய்லர், எட்டுத் தாவல்: பிழை 1.21 டிகிரி
இரண்டு முறை பார்ப்பது, நான்கு தாவல்: பிழை 0.23 டிகிரி
நான்கு முறை பார்ப்பது, இரண்டே தாவல்: பிழை 0.015 டிகிரி

உழைப்பு ஒன்றேதான். பிழை எண்பது மடங்கு குறைந்துவிட்டது. நான்கு முறை பார்க்கும் ரங்கே-குட்டா நூறு வருடத்துக்கும் மேலாக உழைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதுவரை நாம் பார்த்தது நல்ல குணமுள்ள பிழை. தாவல் குறைந்தால் அதுவும் குறையும். இனி வருவது வேறு ஜாதி.

ஆய்லர் முறையிலேயே தாவலை 30 நிமிடமாக்குங்கள். முதல் தாவலிலேயே காபி 5 டிகிரிக்கு வந்துவிடும். அறை 30 டிகிரி, காபி 5 டிகிரி. ஃபிரிட்ஜில் வைத்தது மாதிரி. தாவலை 50 நிமிடமாக்கினால் கூத்து இன்னும் பெரிது. முதல் தாவலில் மைனஸ் 45 டிகிரி. அடுத்ததில் 142.5. அதற்கடுத்ததில் மைனஸ் 138.75. காபி உறைந்து, கொதித்து, மறுபடி உறைகிறது. நேரம் போகப் போக எண்கள் பெருகிக்கொண்டே போகும். இதை நிலைப்பின்மை என்பார்கள். நம் காபிக்கு எல்லை 40 நிமிடம். அதற்கு மேல் தாவினால் ஆய்லர் முறை வெடித்துவிடும்.

யார் ஐயா காபிக்கு 50 நிமிடத் தாவல் போடுவார்கள் என்று கேட்கலாம். ஒரே கணக்கில் வேகமாக மாறும் பொருளும் மெதுவாக மாறும் பொருளும் சேர்ந்திருந்தால், நமக்கே தெரியாமல் போட்டுவிடுவோம். எரிதல் வேதியியலில் சில வினைகள் மைக்ரோ விநாடியில் முடியும். நமக்கு வேண்டியது சில விநாடிகள் கழித்து என்ன என்பது. வேகமான வினை எப்போதோ ஓய்ந்திருக்கும். ஆனால் அது விதிக்கும் தாவல் எல்லை மட்டும் கடைசி வரை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு உதாரணம், செம்புக் கம்பியில் வெப்பம் பரவுவது. கம்பியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து இதே நேரடி முறையில் கணக்கிட்டால், தாவல் ஏறத்தாழ 0.45 விநாடியைத் தாண்டக் கூடாது. படம் இன்னும் துல்லியமாக வேண்டும் என்று ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால், எல்லை 0.0045 விநாடி. துண்டு பத்தில் ஒரு பங்கு. தாவல் நூறில் ஒரு பங்கு. பத்து மடங்கு துண்டுகள், நூறு மடங்கு தாவல்கள், ஆக மொத்தம் ஆயிரம் மடங்கு வேலை. இடத்தையும் காலத்தையும் துண்டு போடும்போது இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்பதை 1928ல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூயி மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். கணினிகள் பிறப்பதற்கு முன்பே!

இதற்கு மாற்று உண்டு. தாவும் முன் இருக்கும் வேகத்தை எடுக்காமல், போய்ச் சேரப்போகும் இடத்தின் வேகத்தை எடுப்பது. போகாத இடத்தின் வேகம் எப்படித் தெரியும்? தெரியாது, அதையும் ஒரு சமன்பாடாக எழுதித் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் வேலை கூடும். ஆனால் 50 நிமிடத் தாவலிலும் காபி 44.29 டிகிரி என்று வரும். சரியான விடை 34.10. துல்லியம் போதாதுதான். இருந்தாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே ஒருநாளும் போகாது. பின்னோக்கிய ஆய்லர் என்று இதற்குப் பெயர். தப்பாக இருந்தாலும் புத்தியோடு தப்பாக இருப்பது என்று நான் சொல்வது வழக்கம்.

அடுத்தது ஊசல். சுமார் ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டால், போய் வர இரண்டு விநாடி ஆகும். உராய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. சின்ன ஆட்டத்துக்கான எளிய சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, 0.01 விநாடித் தாவலில் ஆய்லர் முறையை ஓட்டுங்கள். தாவல் நல்ல சின்னத் தாவல்தான். ஒவ்வொரு தாவலிலும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கூடாது. ஒரே நிமிடத்தில் மொத்தம் ஏறத்தாழ 370 மடங்காகிவிடும். ஆட்டத்தின் வீச்சு 19 மடங்கு. யாரும் தள்ளாமல் ஊசல் தானாக உந்திக்கொள்கிறது. இதே முறையில் கோள்களை ஓடவிட்டால், பூமி சுருள் சுருளாகச் சூரியனை விட்டு விலகிப்போகும்.

வைத்தியம் ஒரே ஒரு வரி மாற்றம். முதலில் புதிய வேகத்தைக் கணக்கிடு. இடத்தை நகர்த்தும்போது பழைய வேகத்துக்குப் பதில் அந்தப் புதிய வேகத்தைப் பயன்படுத்து. அவ்வளவுதான். ஆற்றல் சற்று மேலும் கீழுமாக ஆடும், ஆனால் எல்லையைத் தாண்டி ஓடாது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையைத்தான் லூப் வெர்லே 1967ல் 864 ஆர்கன் அணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடப் பயன்படுத்தினார். இன்று புரதங்கள் மடங்குவதைக் கணினியில் பார்ப்பவர்கள் வரை அது தொடர்கிறது. சமன்பாடு எதைக் காப்பாற்றுகிறதோ அதை முறையும் காப்பாற்ற வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். துல்லியம் மட்டும் போதாது.

சரி, தாவலை முடிந்தவரை சின்னதாக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. கணினிக்கு 0.1 என்ற எண்ணே சரியாகத் தெரியாது. இரும எண்முறையில் அது முடிவில்லாமல் நீளும். எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். வழக்கமான கணினி எண்களில் 0.1ஐப் பத்து முறை கூட்டிப்பாருங்கள். 0.9999999999999999 என்று வரும். ஒரு தாவலில் இது ஒன்றுமே இல்லை. கோடிக்கணக்கான தாவல்களில் சேர்ந்துவிடும்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதி அரேபியாவின் தஹ்ரான். அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, 24 பிட் அளவுக்கு வெட்டப்பட்ட 0.1ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. சுமார் நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் கடிகாரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். அமைப்பு தப்பான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ இருப்பதைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சில சமன்பாடுகளில் சின்னப் பிழை சின்னதாக இருக்கவே ஒப்புக்கொள்ளாது. 1961ல் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலை மாடலை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிப்பார்க்க நினைத்தார். அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணைத் தட்டினார். கணினியின் நினைவில் இருந்ததோ 0.506127. இரண்டு ஓட்டமும் கொஞ்ச நேரம் ஒன்றாகப் போய், பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிட்டன. 1963ல் மூன்றே சமன்பாடுகளில் இதே குணத்தைக் காட்டினார். இந்த வேலைகளுக்கு நிரல் எழுதியதில் மார்கரெட் ஹாமில்டன், எலன் ஃபெட்டர் இருவருக்கும் பங்குண்டு. இப்படிப்பட்ட கணக்கில் தாவலைப் பாதியாக்கிப் பார்க்கும் நம் வித்தை நெடுநேரத்துக்குச் செல்லாது. தனிப் பாதையை நம்ப முடியாது. சராசரி, வீச்சு, மொத்த வடிவம் இவற்றைத்தான் ஒப்பிட முடியும். பதினைந்து நாள் கழித்து இத்தனை மணிக்கு மழை என்று சொல்ல முடியாததும், ஒரு பருவத்தின் சராசரியைப் பற்றிப் பேச முடிவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

மிச்சம் இருப்பது, கணக்கின் உள்ளே எவ்வளவு தேடினாலும் கிடைக்காத பிழை. லூயிஸ் ரிச்சர்ட்சன் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 அன்றைய வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை. 1922ல் அந்தத் தோல்வியை மறைக்காமல் புத்தகமாகவே போட்டார். சமன்பாடுகள் அடிப்படையில் சரி. தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்ததுதான் முக்கியக் காரணம். பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் அதே அளவீடுகளைச் சீராக்கி அதே கணக்கை ஓட்டியபோது நியாயமான விடை வந்தது.

நம் காபிக்கும் இது பொருந்தும். சமன்பாட்டைப் பத்து இலக்கத்துக்குத் தீர்த்துவிட்டோம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஒத்துப்போகாது. திறந்த டம்ளரில் ஆவியாவதாலும் வெப்பம் போகிறது. சூடாக இருக்கும்போது ஆவியாதல் மிக அதிகம், ஆற ஆறச் சட்டென்று குறையும். அதனால் 0.05 என்று நாம் போட்ட எண் உண்மையில் மாறிலியே இல்லை. டபராவில் ஊற்றி ஆற்றினால் கேட்கவே வேண்டாம். பரப்பும் காற்றோட்டமும் கூடி எண் பல மடங்காகும். சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒரு கேள்வி. சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குக் கணிதம் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு அடுப்படிக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவையும் படித்தபின் என்ன செய்யலாம்? நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். புதிய நிரல் எழுதியதும், முதலில் விடை தெரிந்த கணக்கை அதற்குக் கொடுப்பேன். பிறகு தாவலைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, பிழை எதிர்பார்த்த வீதத்தில் குறைகிறதா என்று பார்ப்பேன். குறையாவிட்டால் நிரலில் எங்கோ பூச்சி இருக்கிறது. மூன்றாவதாக, மாறக்கூடாதது எதுவோ அதை, ஆற்றலோ மொத்த நிறையோ, தனியாக வரைந்து பார்ப்பேன். நான்காவதாக, ஆறும் வீதத்தைப் பூஜ்யமாக்குவது, காபியை அறை வெப்பநிலையிலேயே தொடங்குவது என்று அற்பமான கேள்விகளைக் கேட்பேன். ஒன்றும் நடக்காத இடத்தில் ஒன்றும் நடக்கக் கூடாது. இத்தனையும் தேறினபின்தான் அளவீட்டோடு ஒப்பிடுவது.

உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். காபிக் கணக்கை எக்ஸெல்லில் ஒரே பத்தியில் போடலாம். முதல் பத்து வரியைக் கால்குலேட்டரில் கையால் போட்டால் இன்னும் நல்லது. அது முடிந்தால் ஊசலுக்குப் போங்கள். சின்ன ஆட்டம் வேண்டாம். 90 டிகிரிக்குத் தூக்கி விடுங்கள். அதற்கான சமன்பாட்டைச் சைன், கொசைன் கொண்டு எளிதாகத் தீர்க்க முடியாது. போய் வர எடுக்கும் நேரம் சின்ன ஆட்டத்தைவிட ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். உங்கள் நிரல் என்ன சொல்கிறது, தாவலைப் பாதியாக்கினால் அது எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். வேறு எண் வந்தால் இன்னும் நல்லது, தேடுவதற்கு ஒன்று கிடைத்தது.